அரசு குடியிருப்பில் நாய், பூனை வளர்க்கலாமா?

கோவை கவுண்டம்பாளையத்தில் இருக்கும் அரசு ஊழியர் குடியிருப்போ, ஈரோடு ரயில்வே காலனியோ, மேட்டூர் மின்வாரியக் குடியிருப்போ, எதுவாக இருந்தாலும் சரி. புதிதாகக் குடிவருகிறவர் கையில் ஒரு நாய்க்குட்டி இருந்தால் அவர் காதில் முதலில் விழுவது ஏறக்குறைய ஒரே வாக்கியம்தான்: "இங்கெல்லாம் நாய் வளர்க்கக் கூடாதுங்க." சொல்பவர் வாட்ச்மேனாக இருக்கலாம், கீழ்வீட்டுக்காரராக இருக்கலாம், அசோசியேஷன் செயலாளராகவும் இருக்கலாம். எந்த விதியில் அப்படி இருக்கிறது என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்துகொண்டு, வருஷக்கணக்கில் வீட்டில் வளர்ந்த நாயை பைபாஸ் ஓரத்தில் இறக்கிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

அதைத் தடுக்க முடியும் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன். யார் சொல்வது விதி, யார் சொல்வது வெறும் விருப்பம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். மீதிப் பாதி, நாம் சரியாக நடந்துகொண்டால் போகும்.

முதல் கேள்வி: வீடு யாருடையது?

"கவர்மென்ட் வீடு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். சட்டத்தின் கண்ணில் அது ஒன்றல்ல.

குவார்ட்டர்ஸ் என்றால் வீடு துறைக்குச் சொந்தம். வேலையில் இருக்கும்வரை குடியிருக்க உங்களுக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நீங்கள் வீட்டுக்குச் சொந்தக்காரரும் இல்லை, வெளியில் வாடகைக்கு இருப்பவரைப் போன்ற வாடகைதாரரும் இல்லை. வீட்டைக் கொடுத்தபோது கையெழுத்து வாங்கிய நிபந்தனைகள்தான் உங்களைக் கட்டுப்படுத்தும்.

வீட்டு வசதி வாரியம் கட்டி விற்ற வீடு வேறு. 1961-இல் தொடங்கிய அந்த வாரியம் கட்டியது என்பதால் இன்னும் "ஹவுசிங் போர்டு" என்கிறோமே தவிர, முழுப்பணமும் கட்டிக் கிரயப் பத்திரம் வாங்கிய பிறகு அது உங்கள் சொந்த வீடு. அதே வாரியம் அரசு ஊழியர்களுக்கு வாடகைக்கு விடும் குடியிருப்புகளும் உண்டு. அவை குவார்ட்டர்ஸ் கணக்கில் சேரும். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால்தான் குழப்பம்.

உக்கடம், கீரணத்தம், மலுமிச்சம்பட்டி போன்ற இடங்களில் உள்ள அடுக்குமாடி வீடுகள் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தைச் சேர்ந்தவை. 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021-இல் பெயர் மாறிய அதே வாரியம்தான். இங்கே ஒதுக்கீட்டு ஆணையில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் முக்கியம்.

கடைசி வகை, சமத்துவபுரம் மாதிரி இடத்தோடு கிடைத்த வீடுகளும் அரசுத் திட்டப் பணத்தில் சொந்த இடத்தில் கட்டிய வீடுகளும். இவற்றில் நாய் வளர்ப்பதா வேண்டாமா என்று சொல்ல எந்தத் துறை அதிகாரியும் வரப்போவதில்லை. பொதுச் சட்டமும் உள்ளாட்சி விதியும் மட்டும் பொருந்தும்.

அலாட்மென்ட் ஆர்டரை எடுத்துப் படியுங்கள்

பீரோவில் பழைய பில்களுக்கு நடுவில் இருக்கும் அந்த ஒதுக்கீட்டு ஆணையை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். உள்வாடகைக்கு விடக் கூடாது, கூடுதலாக எதையும் கட்டக் கூடாது, மின் இணைப்பிலும் தண்ணீர் இணைப்பிலும் கைவைக்கக் கூடாது, குடியிருப்பதைத் தவிர வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு தரக் கூடாது. பொதுவாக நிபந்தனைகள் இந்த மாதிரிதான் இருக்கும். பல இடங்களில் ஆடு மாடு கட்டக் கூடாது என்றும் சேர்த்திருப்பார்கள். நாய், பூனை என்ற சொல்லே இல்லாத ஆணைகள் நிறைய.

சொல் இல்லை என்பதற்காக எதுவும் செய்யலாம் என்று அர்த்தமில்லை. நோட்டீஸ் வருவது நாய் வளர்த்ததற்காக என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். தாளைப் பிரித்துப் படித்தால் காரணம் வேறாக இருக்கும். மாடிப்படிக்குக் கீழே நாலு ஹாலோ பிளாக் அடுக்கி, மேலே ஒரு துருப்பிடித்த தகரத்தைப் போட்டு, காற்றில் பறக்காமல் இருக்கப் பழைய அம்மிக்கல்லை வைத்து ஒரு நாய்க்கூண்டு செய்திருப்போம். நமக்கு அது கூண்டு. உதவிப் பொறியாளருக்கு அது அனுமதியில்லாத கட்டுமானம். படிக்கட்டுக் கைப்பிடியில் செயினைக் கட்டியிருப்போம். அது எல்லோருக்கும் பொதுவான வழி. மேல்வீட்டுக் குழந்தை பள்ளிக்கூடப் பையோடு சுவரை ஒட்டி ஒதுங்கி இறங்குகிறது என்றால் புகாரில் நியாயம் இருக்கிறது. பால்கனியைக் கம்பிவலை போட்டு அடைப்பதற்கு முன்பும் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆகவே குவார்ட்டர்ஸில் பாதுகாப்பான நிலை இதுதான்: நாய் வீட்டுக்குள் இருக்க வேண்டும், கட்டடத்தில் எந்த மாற்றமும் செய்யாமல் இருக்க வேண்டும். ஆணையில் செல்லப் பிராணி கூடாது என்று தெளிவாகவே எழுதியிருந்தால், அனுமதி கேட்டு மேலதிகாரிக்கு விண்ணப்பம் கொடுங்கள். ஒளித்து வைத்து வளர்க்க வேண்டாம். ஒளித்து வைத்த நாய்க்கு நடை இல்லை, வெயில் இல்லை, அது குரைத்தால் அடி. அதற்குப் பெயர் வளர்ப்பு இல்லை.

விதி இருக்கிறது என்று வாய்வார்த்தையாகச் சொல்லிக்கொண்டே இருந்து, காட்ட மறுத்தால்? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறதே. ஒரு வெள்ளைத்தாளில், இந்தக் குடியிருப்பில் செல்லப் பிராணி வளர்ப்பது தொடர்பாக நடைமுறையில் உள்ள விதி அல்லது சுற்றறிக்கையின் நகல் வேண்டும் என்று எழுதி, பத்து ரூபாய் கட்டணத்தோடு பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். சண்டை போடுவதைவிட இது எவ்வளவோ மேல். பதவியில் பெரியவரிடம் மரியாதை குறையாமல் உண்மையைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அசோசியேஷன் எதைச் சொல்லலாம்?

இந்திய விலங்குகள் நல வாரியம் 2015 பிப்ரவரியில் குடியிருப்போர் சங்கங்களுக்கென்று வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. பெரும்பான்மை ஓட்டுப் போட்டே தீர்மானித்தாலும் செல்லப் பிராணிக்கு மொத்தமாகத் தடை போட முடியாது, நாயின் அளவைக் காட்டியோ குரைக்கிறது என்பதைக் காட்டியோ விரட்ட முடியாது, லிஃப்டில் ஏற்ற மாட்டேன் என்று சொல்ல முடியாது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. 2021-இல் கேரள உயர் நீதிமன்றமும் அடுக்குமாடிக் குடியிருப்பில் செல்லப் பிராணியை அடியோடு தடுக்கும் சங்க விதி செல்லாது என்று தீர்ப்பளித்தது.

இது சங்கங்களுக்குச் சொன்னது. வீட்டுக்குச் சொந்தக்காரரான துறை எழுத்தில் நிபந்தனை போட்டிருந்தால் கதை வேறு. அங்கே இந்த நெறிமுறையைத் தூக்கிக் காட்டி மட்டும் ஜெயித்துவிட முடியாது. அதனால்தான் முதலில் தாளைப் படிக்கச் சொன்னேன்.

சரி, சங்கம் எதைக் கேட்கலாம்? பொது இடத்தில் செயினோடு கூட்டிப்போங்கள், அசிங்கம் செய்தால் அள்ளிவிடுங்கள், தடுப்பூசிச் சான்று காட்டுங்கள் என்று கேட்கலாம். அதில் ஒன்றுகூட அநியாயமில்லை. எதிர்வீட்டு அக்கா வந்து, "ஏனுங், ராத்திரி பூராப் பொட்டுத் தூக்கமில்லீங்" என்று சொன்னால் நெறிமுறையை எடுத்து நீட்ட வேண்டாம். இரவில் விடாமல் குரைக்கும் நாய்க்குக் காரணம் இருக்கும். பகல் முழுக்கப் பூட்டிய வீட்டில் தனியாகக் கிடந்ததாக இருக்கலாம், சாயங்காலம் நடக்க விடாததாக இருக்கலாம். எப்போதும் கட்டியே போட்டு வைத்திருக்கும் நாயை நடக்க விடாமல் அலட்சியமாக இருப்பதே 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் வதை என்று சொல்லப்பட்டிருக்கிறது. காலையில் ஒரு நடை, அலுவலகம் விட்டு வந்து ஒரு நடை. பாதிச் சண்டை அதிலேயே தீர்ந்துவிடும்.

எவ்வளவு பேசியும் ஒத்துவராமல், நாய்க்கு விஷம் வைப்போம் என்கிற அளவுக்கு யாராவது போனால் அது அக்கம்பக்கத்துச் சண்டை இல்லை, குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவின்படி ஒரு விலங்கைக் கொல்வது, விஷம் வைப்பது, ஊனமாக்குவது ஆகியவற்றுக்கு ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. தெருநாயாக இருந்தாலும் இதே சட்டம்தான்.

ஆடு, கோழி, கிளி

நம் கொங்குப் பக்கத்து ஆட்களுக்கு இது பெரிய கேள்வி. காங்கேயத்திலோ தாராபுரத்திலோ தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு நாலு நாட்டுக்கோழி இல்லாத வீடு வீடு மாதிரியே இருக்காது. 2011-இல் அரசே கிராமத்து ஏழைக் குடும்பங்களுக்கு நாலு ஆடு விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கியது. அப்படியிருக்க, குவார்ட்டர்ஸில் மட்டும் ஏன் கூடாது என்று கேட்பவர்கள் உண்டு.

காரணம் எளிது. ஆடும் கோழியும் செல்லப் பிராணியில் சேராது, கால்நடை. சாணம், புழுக்கை, தீவன மிச்சம் எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும். நகர்ப்புறத்தில் விலங்குகளும் பறவைகளும் வளர்ப்பதைக் கட்டுப்படுத்த தமிழ்நாட்டில் 1997-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. சமத்துவபுரத்தில் நூறு வீட்டுக்கும் தனித்தனியாக நிலம் உண்டு, அங்கே வாசலில் ஆடு கட்டினால் யாரும் கேட்பதில்லை. இரண்டாவது மாடியில் குளியலறைக்குள் கோழி அடைப்பது வேறு விஷயம். கோழிக்கும் அது கொடுமை.

கிளிக்கு இன்னும் கண்டிப்பு. பச்சைக்கிளி வளர்ப்பது எந்த வீட்டிலும் குற்றம், சொந்த பங்களாவாக இருந்தாலும்கூட. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைப் பாதுகாக்கிறது. நட்சத்திர ஆமையும் அப்படியே. அதிர்ஷ்டம் என்று சொல்லி யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். ஏற்கெனவே இருந்தால் வனத்துறையில் ஒப்படையுங்கள், நீங்களே பறக்கவிட வேண்டாம். கூண்டிலேயே வளர்ந்த கிளிக்கு வெளியில் இரை தேடத் தெரியாது. லவ் பேர்ட்ஸ், காக்கட்டீல் போன்ற வெளிநாட்டுச் சிறு பறவைகளுக்கு இந்தத் தடை இல்லை. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்காவ் மாதிரியான பறவை என்றால் 2024-இல் வந்த விதிப்படி அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

தடுப்பூசியும் லைசென்ஸும்

மாநகராட்சி, நகராட்சி எல்லைக்குள் நாய் வளர்க்க உள்ளாட்சி அமைப்பிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். கட்டணமும் நடைமுறையும் ஊருக்கு ஊர் வேறுபடும், உங்கள் மண்டல அலுவலகத்தின் சுகாதாரப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள். வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று கட்டாயம் கேட்பார்கள். குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் அடுத்தது, அப்புறம் வருஷத்துக்கு ஒரு முறை. அரசு கால்நடை மருத்துவமனைகளில் விலங்குவழி நோய்கள் தினமான ஜூலை 6-ஆம் தேதியையும் வெறிநோய் தினமான செப்டம்பர் 28-ஆம் தேதியையும் ஒட்டி இலவச முகாம்கள் நடப்பது வழக்கம். நாமக்கல் பக்கம் இருப்பவர்களுக்கு 1985 முதல் அங்கே இயங்கிவரும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை பெரிய வரம்.

அரசு மருத்துவமனை, கல்லூரி வளாகங்களுக்கு உள்ளேயே குவார்ட்டர்ஸ் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து தெருநாய்களை அகற்ற உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் உத்தரவிட்டது. உங்கள் வீட்டு நாய்க்கு அந்த உத்தரவு இல்லை. ஆனால் பெல்ட் இல்லாமல் வளாகத்தில் திரிந்தால், பிடிக்க வருகிறவருக்கு அது வீட்டு நாய் என்று எப்படித் தெரியும்? கழுத்துப் பட்டையில் கைப்பேசி எண்ணை எழுதித் தொங்கவிடுங்கள். லைசென்ஸ் நகலைப் படம் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வளாகத்துத் தெருநாய்களுக்குச் சோறு வைப்பவர்களும் இருக்கிறார்கள். நல்ல மனசு. 2023-ஆம் ஆண்டு விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் இதற்கென்று இடம் குறிக்கச் சொல்கின்றன: குழந்தைகள் விளையாடும் இடத்தையும் படிக்கட்டையும் வாசலையும் விட்டுத் தள்ளி. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் குறித்த இடத்தில் மட்டுமே உணவு வைக்க வேண்டும் என்றது. உங்கள் வளாகத்தில் அப்படி இடம் குறிக்கவில்லை என்றால், குறிக்கச் சொல்லி நீங்களே எழுதிக் கொடுங்கள்.

நாய் யாரையாவது கடித்துவிட்டால் முதலில் காயத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவச் சொல்லி, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். அங்கே ஊசி இலவசம். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்கக் கூடாது. நாயைப் பத்து நாள் கண்காணிப்பில் வையுங்கள். "எங்க நாய் கடிக்காதுங்க" என்று அந்த நேரத்தில் வாதாட வேண்டாம். நம் விலங்கால் மற்றவருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறைக்கு இடமுண்டு.

காட்டை ஒட்டிய குவார்ட்டர்ஸ்

பவானிசாகர் அணைக் குடியிருப்பு, டாப்சிலிப் வனத்துறை வீடுகள், வால்பாறையில் அரசு தேயிலைத் தோட்டக் கழகத்தின் லயன்கள் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகள். இங்கெல்லாம் சட்டத்தைவிடப் பெரிய விஷயம் சிறுத்தை.

சிறுத்தைக்கு நாய் சுலபமான இரை. வாசலில் கட்டிப்போட்ட நாயால் ஓடவும் முடியாது. காவலுக்கு என்று வெளியில் கட்டுகிறோம், அது சிறுத்தையை வீட்டு வாசல் வரைக்கும் வரப் பழக்குகிறது. நாய்க்காக வந்தது ஒருநாள் வாசலில் விளையாடும் குழந்தைக்கு எதிரில் நிற்கும். வால்பாறைக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சமவெளியிலிருந்து மாறுதலில் போகிறவர்களுக்குத்தான் தெரிவதில்லை. பொழுது சாய்ந்ததும் நாய் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். மிச்சக் கறியையும் எலும்பையும் பின்பக்கம் வீசக் கூடாது. வீசினால் தெருநாய் வரும், அதன் பின்னால் சிறுத்தை வரும்.

இன்னொரு பக்கமும் உண்டு. அவிழ்த்துவிட்ட நாய்கள் கூட்டம் சேர்ந்து புள்ளிமானை விரட்டும். நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோய் காட்டு விலங்குகளுக்கும் தொற்றக்கூடியது. அதனால் காட்டோரத்தில் வளர்க்கும் நாய்க்கு வெறிநோய் ஊசியோடு இந்த நோய்க்கான ஊசியும் போட்டே ஆக வேண்டும். இந்த இடங்களில் வனத்துறை கொஞ்சம் கண்டிப்பாகப் பேசினால் அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன்.

டிரான்ஸ்ஃபர் வந்தால்

என் மனதை அதிகம் உறுத்துவது இதுதான். மே, ஜூன் மாதங்களில் மாறுதல் ஆணைகள் வரும். மினி லாரியில் பீரோ, கட்டில், வாஷிங் மிஷின், துளசி மாடம்கூட ஏறும். நாய் மட்டும் ஏறாது. "இங்கேயே பழகிருச்சுங்க, யாராவது சோறு போடுவாங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பூட்டிய கதவுக்கு முன்னால் அந்த நாய் நாள்கணக்கில் படுத்திருக்கும். புதிதாகக் குடிவருகிறவர் அதைத் தெருநாய் என்று விரட்டுவார்.

பசியாலோ தாகத்தாலோ துன்பப்படும் நிலையில் ஒரு விலங்கைத் தகுந்த காரணமில்லாமல் கைவிடுவது 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய்தான். அறுபது வருஷத்துக்கு மேலாகியும் அந்தத் தொகை ஏறாமலே கிடப்பது வெட்கக்கேடு. தொகை சின்னது என்பதால் செயலும் சின்னது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கூட்டிக்கொண்டு போவது நினைக்கிற அளவுக்குக் கஷ்டமில்லை. ரயிலில் முதல் வகுப்பில் இருவருக்கான கூபே அறையையோ நால்வருக்கான கேபினையோ முழுதாக முன்பதிவு செய்தால் நாயை உங்களோடு வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் கார்டு பெட்டியில் நாய்க்கென்று உள்ள கூண்டில் அனுப்பலாம். வண்டி புறப்படுவதற்கு வெகு முன்னதாகவே பார்சல் அலுவலகத்துக்குப் போய்ப் பதிவு செய்ய வேண்டும். தடுப்பூசிச் சான்றும், பயணத்துக்குத் தகுதியாக இருக்கிறது என்று கால்நடை மருத்துவர் தரும் சான்றும் வேண்டும். கோடையில் அந்தக் கூண்டில் பகல் பயணம் வேண்டாம், இரவு வண்டியாகப் பாருங்கள். பக்கத்து மாவட்டம்தான் என்றால் சாமான் லாரியில் ஏற்றாமல் காரில் உங்கள் காலடியில் உட்கார வைத்துக் கூட்டிப்போங்கள்.

உண்மையிலேயே முடியாத நிலை என்றால், போவதற்கு ஒரு மாதம் முன்பே வேறு வீடு தேடுங்கள். தோட்டத்துச் சாளைகளில், அதாவது தோட்ட வீடுகளில், காவலுக்கு நல்ல நாய் கேட்பவர்கள் நம் பக்கம் எப்போதும் உண்டு. கொடுத்துவிட்டு வந்துவிடாமல், புதியவரோடு நாய் பழகும்வரை இரண்டு மூன்று தடவை கூட்டிப்போய் விட்டு வாருங்கள். ஊசிப் புத்தகத்தையும் சேர்த்துக் கொடுங்கள். கூடவே கொண்டுபோகிறவர்கள் புது ஊரில் சாவி வாங்கும் நாளிலேயே அந்த ஆணையின் நிபந்தனைகளைப் படித்துவிட்டு, அந்த ஊர் உள்ளாட்சியில் லைசென்ஸுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.